டெஸ்க்டாப் அசெம்பிள் செய்கிறீர்களா? மிச்சக் காசுக்கு எஸ்எம்பிஎஸ் வாங்காதீர்கள்

டிடிஆர்4 ரேமை டிடிஆர்5 ஸ்லாட்டில் செருக முடியாது. வெட்டு இடம் மாறியிருக்கும். ஏஎம்டி-யின் ஏஎம்5 சாக்கெட் பிராசசர், இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட் போர்டில் உட்காராது. இந்த மாதிரித் தவறுகள் முதல் நாளே தெரிந்துவிடும், கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். அவற்றை விட்டுவிடுவோம். எல்லாம் பொருந்தி, ஆன் ஆகி, விண்டோஸும் ஏறி, இரண்டு மாதம் கழித்துப் படுத்தும் தவறுகள் வேறு ரகம். புதியவர்கள் போடும் பாகப் பட்டியல்களில் அவை அச்சு மாறாமல் திரும்பத் திரும்ப வருகின்றன.

## மிச்சக் காசுக்கு எஸ்எம்பிஎஸ்

முதலில் கிராஃபிக்ஸ் கார்டு, அடுத்து பிராசசர், போர்டு, கண்ணாடி வைத்த கேபினெட், விளக்கெரியும் ஃபேன். கடைசியில் கையில் மீந்ததற்கு, "500 வாட் போதுமாம்" என்று ஒரு எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை. கேபினெட்டோடு சேர்ந்து வருவதையே வைத்துக்கொள்பவர்களும் உண்டு. எத்தனை முறை சொன்னாலும் இந்த வரிசை மாறமாட்டேன் என்கிறது. எரிச்சலாக இருக்கிறது.

அந்த 500 எங்கிருந்து வந்தது என்று பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். மலிவான யூனிட்டில் கணக்கு இப்படிப் போகும்: 3.3 வோல்ட்டில் 24 ஆம்பியர், 5 வோல்ட்டில் 24 ஆம்பியர், 12 வோல்ட்டில் 25 ஆம்பியர். பெருக்கினால் 79, 120, 300. கூட்டினால் 499. பெட்டியில் 500. ஆனால் இன்றைய பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய எல்லா மின்சாரத்தையும் 12 வோல்ட் லைனிலிருந்துதான் உறிஞ்சுகின்றன. மற்ற இரண்டுக்கும் எஸ்எஸ்டி, யுஎஸ்பி போன்ற சில்லறை வேலைதான். ஆக, நீங்கள் வாங்கியது 300 வாட். 200 வாட் கார்டும் 120 வாட் இழுக்கும் பிராசசரும் சேர்ந்தாலே 320.

பிரௌசர், படம், கணக்கு வழக்கு எல்லாம் சுகமாக ஓடும். கேம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் பட்டென்று அணைந்து ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று இருக்கும். ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் நின்றுபோனது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. ஆள் டிரைவரை மாற்றுவார், விண்டோஸை மறுபடி போடுவார், ரேமைக் கழற்றித் துடைப்பார், கடைசியில் கார்டு பழுது என்று திருப்பி அனுப்புவார். கார்டு ஒரு குறையும் இல்லாமல் திரும்பி வரும். இவராவது தப்பித்தார், யூனிட் தானாக அணைந்துகொண்டது. அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் அணைக்கும் ஓவர்கரண்ட் பாதுகாப்பு பெயரளவுக்கு மட்டும் உள்ள யூனிட் அணையாது. தான் வெடிக்கும்போது போர்டையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகும்.

'80 பிளஸ்' முத்திரை இருக்கிறதே என்பார்கள். சுவரிலிருந்து வாங்கிய மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே சேர்கிறது என்பதற்கான முத்திரை அது. கெபாசிட்டர் எத்தனை வருடம் தாங்கும், ஷார்ட் ஆனால் யூனிட் அணையுமா என்பதை அது சொல்வதில்லை. உத்தரவாதம் 7 வருடமா, 10 வருடமா என்று பார்ப்பது அதைவிட உருப்படியான அடையாளம்.

வாட் கணக்கை இப்படிப் போடுங்கள். கார்டின் மொத்த பவர், பிராசசரின் உச்ச பவர், மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 60. பிராசசருக்குப் பெட்டியில் போட்டிருக்கும் டிடிபி என்ற வாட் எண்ணை எடுக்கக்கூடாது: ஏஎம்டி-யின் ஏஎம்4 சாக்கெட்டில் 105 வாட் ரைசன் 142 வரை இழுக்கும், 125 என்று போட்டிருக்கும் ஐ7-13700கே-யின் டர்போ அளவு 253. கார்டு 220, ரைசன் 142, மற்றவை 60 என்றால் 422. அதன்மேல் 40 சதவீதம் ஏற்றினால் சுமார் 590. 650 வாட் யூனிட் சரியாக இருக்கும். இந்த 40 சதவீதம் ஆடம்பரமில்லை. கார்டுகள் கண்சிமிட்டும் நேரத்துக்கும் குறைவாகத் தம் அளவைப்போல் இருமடங்குகூட இழுப்பதுண்டு. எஸ்எம்பிஎஸ்-களுக்காக 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, 100 மைக்ரோநொடிக்கு 200 சதவீதச் சுமையைத் தாங்கச் சொல்வது இதற்காகத்தான். நல்ல 650 வாட் யூனிட்டின் லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே 54 ஆம்பியரை ஒட்டி இருக்கும், அதாவது 648 வாட். வாங்குமுன் முதலில் பார்க்கவேண்டிய எண் அது.

## பழைய மாடுலர் கேபிள்

யூனிட்டிலிருந்து கழற்றிச் செருகக்கூடியது மாடுலர் கேபிள். எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது, நேர்த்தியாகக் கட்டிவைத்த கேபிளை எதற்குக் கழற்றுவது என்று புது யூனிட்டிலும் அதையே செருகுகிறார்கள். கனெக்டர் பொருந்தும். ஆனால் கேபிளின் எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பதற்குப் பொதுவிதி கிடையாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களிலேயே மாறலாம். 5 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 12 போனால் டிஸ்க்குகள் எல்லாம் ஒரே நொடியில் காலி. பேக்கப் என்று அதே கேபினெட்டுக்குள் வைத்திருந்த டிஸ்க்கும் சேர்த்துத்தான்.

## "இன்னொரு ரேம் அப்புறம் போட்டுக்கலாம்"

ஒற்றை 16 ஜிபி போட்டால் பிராசசருக்கும் ரேமுக்கும் இடையிலான இரண்டு பாதைகளில் (சேனல்) ஒன்றுதான் வேலை செய்யும், பேண்ட்வித் பாதி. பிறகு வாங்கும் ரேம் வேறு சிப்போடு வந்தால் இரண்டும் சேர்ந்து சொன்ன வேகத்தில் ஓடும் என்பதற்கு உறுதியில்லை. ஜோடியாகவே வாங்குங்கள். நான்கு ஸ்லாட் போர்டில், பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் அவற்றுக்கான இடம். 6000 என்று வாங்கிய டிடிஆர்5, பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்) ரேமைச் சொன்ன வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி அமைப்பை ஆன் செய்யும்வரை பெரும்பாலும் 4800-ல்தான் ஓடும். அப்படியே வருடக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

## போர்டு சரி, பயாஸ் பழசு

ஏஎம்டி-க்கான பி450 போர்டில் ரைசன் 5000 வரிசை பிராசசர் ஓடும், பயாஸ் புதிதாக இருந்தால். இன்டெல் 600 வரிசை போர்டும் 13-ஆம் தலைமுறை பிராசசரும் அப்படித்தான். அப்டேட் செய்யப் பழைய பிராசசர் கையில் இல்லையென்றால், பிராசசரே இல்லாமல் பென்டிரைவிலிருந்து ஏற்றும் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டாகப் பாருங்கள்.

## கடைசியில் 'எஃப்'

இன்டெல் பிராசசர் பெயரின் கடைசியில் அந்த எழுத்து இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. கார்டு இல்லாமல் படம் வராது.

## கேபினெட்

கூலரின் உயரம், கார்டின் நீளம் இரண்டும் உள்ளே அடங்குமா என்று பாருங்கள். மில்லிமீட்டரில்.

## எம்.2 எல்லாம் ஒன்றல்ல

எம்.2 என்பது போர்டில் நேராகச் செருகும் எஸ்எஸ்டி-யின் வடிவம். அதே வடிவத்தில் வரும், பழைய ஹார்ட் டிஸ்க் இணைப்பு முறையான சாட்டாவில் ஓடும் எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி-யோடு நின்றுவிடும். வேகமான என்விஎம்இ வகைக்கு மட்டுமான ஸ்லாட்டில் அது தெரியவே தெரியாது. பல போர்டுகளில் இரண்டாவது எம்.2-வை நிரப்பினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் அணைந்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவுகட்டுமுன் மேனுவலில் அந்த அட்டவணையைத் தேடுங்கள்.