பேருந்து நிலையத்தில் தனியாக உறங்கும் பிள்ளைக்கு உதவும் முறை
கல்லூரிகள் நிறைந்த கோவைக்கு வேலை தேடியோ வீட்டில் அடி தாங்காமலோ வந்து சேரும் பிள்ளைகளில் சிலர், காந்திபுரம் பேருந்து நிலையத்தில் செருப்பைத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு உறங்குகிறார்கள். அவர்களை உலுக்கி எழுப்ப வேண்டாம், விழித்திருக்கும்போது சற்றுத் தள்ளி அமர்ந்து, "சாப்பிட்டியா தம்பி?" என்று கேளுங்கள். ஊர், பெற்றோர் என்று உடனே துருவினால், பயந்து வந்த பிள்ளை மறுபடியும் ஓடிவிடும். 18 வயது நிரம்பாதவர் என்று தோன்றினால் குழந்தைகள் உதவி மையத்தின் 1098 என்ற இலவச எண்ணை அழையுங்கள், இரவிலும் அழைக்கலாம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் பிள்ளையை, அதன் பாதுகாப்பு குறித்து முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுசெல்ல வேண்டும் என்பதால், இரக்கப்பட்டுக்கூட உங்கள் வீட்டுக்கு அழைத்துச் செல்லாதீர்கள். 18 வயதைக் கடந்தவர் என்றால், வீடற்றோருக்கான இரவுக் காப்பகத்தைக் காட்டிவிடலாம். சிறுவனாக இருந்தால், உதவி மையத்தின் ஆள் வந்து சேரும்வரை நான்கு இட்லி வாங்கிக் கொடுத்துக் கூடவே உட்கார்ந்திருங்கள்.