இரண்டு வகை அலுமினியத்தை உருக்காமல் இணைப்பது: குன்னூர் பட்டறையிலிருந்து ஒரு செய்முறை

குன்னூரில் மூடுபனி இறங்கிய பிறகு அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங் போட்டவர்களுக்கு அந்தப் பாடு தெரியும். தகட்டில் படிந்த ஈரத்திலிருந்து பிரியும் ஹைட்ரஜன், உருகிய அலுமினியத்தில் கரைந்துவிடும். உலோகம் இறுகும்போது வெளியேற வழியில்லாமல் பொடிப்பொடி ஓட்டைகளாக உள்ளேயே தங்கிவிடும். காற்று வேறு, வெல்டைக் காக்கும் ஆர்கான் காஸை அடித்துக்கொண்டு போய்விடும். ஃபிரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங்கில் உலோகம் உருகுவதே இல்லை, காஸும் வேண்டாம். மலையில் பட்டறை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பழக வேண்டும் என்பது என் எண்ணம்.

1991-ல் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் அருகே உள்ள டி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிறுவனத்தில் பிறந்த முறை இது. சுழலும் எஃகு டூலின் நுனியில் ஒரு பின் (சிறு முளை), அதற்கு மேலே அகலமான ஷோல்டர். உரசும் சூட்டில் அலுமினியம் பிசைந்த மாவுபோல இளகும். அந்தப் பின் இரு பக்கத்து உலோகத்தையும் கலக்கும். ஷோல்டர் மேலிருந்து அழுத்தி மூடும். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அடித்தே ஒட்டவைக்கும் கொல்லர் வேலைக்கு இது சொந்தம்தான்.

பழகுவதற்கு 6 மி.மீ. கனத்தில் 5083, 6061 என்ற இரு அலுமினியக் கலவைத் தகடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். டூல் ஹெச்13 என்ற, சூடு தாங்கும் எஃகில், கடினப்படுத்தியதாக இருக்கட்டும். ஷோல்டர் விட்டம் 18 மி.மீ., பின் விட்டம் 6, பின் நீளம் 5.7 போதும். பின் நீளமானால், கீழே வைக்கும் எஃகு அடித்தகட்டில் மோதி உடையும். குட்டையானால் அடியில் ஒட்டாத கோடு நிற்கும். டூல் வலஞ்சுழியாகச் சுற்றினால் பின்னில் இடக்கை மரை போடுங்கள், அதுதான் உலோகத்தைக் கீழே தள்ளும்.

தகடுகளின் ஓரத்தை மில்லிங்கில் நேராக்கி, அலுமினியத்துக்கென்றே வைத்திருக்கும் ஸ்டெயின்லெஸ் பிரஷால் தேய்த்து, அசிட்டோனால் துடையுங்கள். ஜனவரிக் காலையில் ஜில்லென்றிருக்கும் தகட்டில் பனித்துளி கோர்த்திருக்கும். ஹாட் ஏர் கன்னால் காயவைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

அப்புறம் கிளாம்ப். கனமான எஃகு அடித்தகட்டின் மேல் இரண்டையும் இடைவெளி இல்லாமல் சேர்த்து, மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் இறுக்குங்கள். என் முதல் முயற்சியில் பக்கவாட்டு கிளாம்ப் போதவில்லை. பின் இறங்கியதும் தகடுகள் விலகின. மேலே அழகான தையல். அறுத்துப் பார்த்தால் உள்ளே நெடுக ஒரு சுரங்கம். அன்றிலிருந்து கிளாம்புக்குத்தான் அதிக நேரம் கொடுக்கிறேன்.

எந்த உலோகத்தை எந்தப் பக்கம் வைப்பது? இரு வகைத் தகடுகளை இணைக்கும்போது முக்கியமான கேள்வியே இதுதான். டூல் வலஞ்சுழியாகச் சுற்றும்போது, அது போகும் திசையைப் பார்த்து நின்றால் இடது பக்கம் முன்னேறும் பக்கம். அங்கே சுழற்சியும் நகர்வும் ஒரே திசை. வலது, பின்வாங்கும் பக்கம். சூட்டில் 5083 முரடு, 6061 சீக்கிரம் இளகும். நான் 5083-ஐ முன்னேறும் பக்கம் வைத்துத் தொடங்குவேன். அப்புறம் மாற்றி வைத்தும் ஒரு துண்டு போட்டு, இரண்டையும் அறுத்து ஒப்பிடுவேன். வேறு கலவை ஜோடிக்கு இதே விடை பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள்.

மஃப்ளர், சால்வையைக் கழற்றுங்கள், ஸ்வெட்டர் கையை மடித்துக் கட்டுங்கள். நம் ஊர்க் குளிரில் இதைச் சொல்லாமல் விடக்கூடாது. டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில் துணியைப் பிடித்தால் கையையும் இழுத்துவிடும்.

டூலின் பின்விளிம்பு தாழ்ந்திருக்கும்படி மில்லிங் மெஷினின் ஹெட்டை 2 டிகிரி சாயுங்கள். 900 ஆர்பிஎம்மில் மெதுவாக இறக்கி, ஷோல்டர் தகட்டைத் தொட்டதும் 15 விநாடி சூடேற விட்டு, நிமிடத்துக்கு 50 மி.மீ. ஃபீட் கொடுத்து இணைப்பு நெடுக நகர்த்துங்கள். அழுத்தம் பல கிலோநியூட்டன் வரும், லேசான மெஷினில் முயல வேண்டாம். ஓரத்தில் பிசிறு அதிகம் தள்ளினால் சூடோ ஆழமோ கூடிவிட்டது; மேலேயே பள்ளம் தெரிந்தால் ஷோல்டர் சரியாக அழுத்தவில்லை. முடிவில் டூலைத் தூக்கும் இடத்தில் ஓட்டை விழும், அந்தத் துண்டை வெட்டிவிடுங்கள்.

ஆறியதும் ஒரு பட்டை அறுத்து, எமரி தாளில் தேய்த்து லென்ஸில் பாருங்கள். இன்னொரு பட்டையை இழுத்துச் சோதியுங்கள். தையலில் உடையாமல் பக்கத்தில் 6061 தகட்டில் உடைந்தால், இணைப்பு நன்றாகப் பிடித்திருக்கிறது: டி6 பதத்தில் (வெப்பப் பதப்படுத்திப் பலமேற்றியதாக) வந்த 6061-ன் பலம் அந்தச் சூட்டில் குறையத்தான் செய்யும்.