டெக்சாஸில் வீடு வாங்கியாச்சா? முதலில் ஹோம்ஸ்டெட் படிவத்தைப் போடுங்கள்

டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை என்று சந்தோஷமாக மூட்டை கட்டி வருகிறோம். அதற்கும் சேர்த்து வீட்டு வரியில் பிடித்துவிடுவார்கள் என்பது பிறகுதான் உறைக்கும். புது வீடு வாங்கியவர்களுக்கு இரண்டாம் வருடம் ஒரு கடிதம் வரும், எஸ்க்ரோவில் (வீட்டு வரி, இன்சூரன்ஸ் கட்டுவதற்காகக் கடன் கொடுத்தவர் மாதாமாதம் வாங்கி வைக்கும் கணக்கு) பணம் போதவில்லை, மாதத் தவணை கூடுகிறது என்று. வரி மதிப்பு ஜனவரி 1 அன்று மனையில் என்ன நின்றதோ அதற்குத்தான். அன்றைக்கு வெறும் மண்ணோ பாதிச் சுவரோ இருந்திருந்தால் அந்த வருட வரி சொற்பம், கடன் கொடுத்தவர் அதை வைத்தே எஸ்க்ரோ கணக்குப் போட்டிருப்பார், அடுத்த வருடம் முழு வீட்டுக்கும் பில் வரும்போது தலை சுற்றும். அதனால் முழு விலைக்கு வரி எவ்வளவு என்று முதலிலேயே பார்த்து, வித்தியாசத்தை மாதாமாதம் எடுத்து வையுங்கள்.

கவுண்டி, நகரம், பள்ளி மாவட்டம் என்று ஆளுக்கொரு விகிதம் வைத்திருப்பார்கள். இதில் பெரிய பங்கு பள்ளிக்கு. புறநகர்ப் புதுக் குடியிருப்பென்றால் தண்ணீர், சாக்கடைக் குழாய் போட்ட கடனுக்காக 'மட்' (MUD, முனிசிபல் யூட்டிலிட்டி டிஸ்ட்ரிக்ட்) வரி வேறு.

சரி, விலக்குக்கு வருவோம். நீங்களே குடியிருக்கும் வீடென்றால் ஹோம்ஸ்டெட் விலக்கு உண்டு. 2025 நவம்பர் வாக்கெடுப்புக்குப் பிறகு பள்ளி வரிக் கணக்கில் 1,40,000 டாலர் கழிகிறது. 4 லட்சம் டாலர் வீட்டுக்கு 2,60,000-க்குத்தான் பள்ளி வரி. விகிதம் 1 சதவீதம் என்று வைத்தால் வருடம் 1,400 டாலர் மிச்சம். தானாக வராது, 50-114 படிவத்தை உங்கள் கவுண்டியின் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில் (வீட்டு மதிப்பைப் போடும் அலுவலகம்) கொடுக்க வேண்டும். இதற்குக் கட்டணமே இல்லை, 'நாங்கள் போட்டுத் தருகிறோம்' என்று காசு கேட்டு வரும் கடிதங்களைக் குப்பையில் போடுங்கள். டிரைவிங் லைசென்ஸில் புது வீட்டு முகவரி இருக்க வேண்டும், பல விண்ணப்பங்கள் திரும்பி வருவது இதனால்தான். எச்1பி விசாவில் இருந்தாலும் கேட்கலாம், குடியுரிமை நிபந்தனை கிடையாது. ஏப்ரல் 30-க்குள் போடுவது நல்லது.

இன்னொரு லாபமும் உண்டு. விலக்கு கிடைத்த அடுத்த வருடத்திலிருந்து, வரிக்கான மதிப்பை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது.

65 வயது தாண்டிய உரிமையாளருக்குக் கூடுதல் விலக்கு, பள்ளி வரிக்கு உச்சவரம்பும் உண்டு. உரிமையாளர் என்றால் வீட்டில் பங்கு இருக்க வேண்டும், ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கும் அப்பா அம்மாவைக் காட்டி இதைக் கேட்க முடியாது.

வசந்தத்தில் மதிப்பீட்டு நோட்டீஸ் வரும். மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள், எது பிந்தையதோ அதற்குள் புரொடெஸ்ட், அதாவது மதிப்பை எதிர்த்து மனு, போடலாம். எல்லோரும் போடச் சொல்வார்கள், ஆனால் முதலில் நோட்டீஸில் இரண்டு எண்களைப் பாருங்கள். சந்தை மதிப்பு 5 லட்சம், 10 சதவீத வரம்பால் வரி மதிப்பு 4.3 லட்சம் என்றால், சண்டை போட்டு 4.6-க்குக் குறைத்தாலும் இந்த வருடம் ஒரு டாலர்கூடக் குறையாது. போடுவதென்றால் கூரைச் சேதம், தரை விரிசலுக்குப் படமும் பழுதுபார்க்கும் எஸ்டிமேட்டும் எடுத்துப் போங்கள், அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தரப்பு ஆதாரத்தையும் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். டெக்சாஸில் விற்பனை விலையை அரசுக்குச் சொல்லும் கட்டாயம் இல்லை. அதனால் அவர்கள் போட்ட மதிப்பைவிடக் குறைவாக வாங்கியிருந்தால் மட்டும் குளோஸிங் பத்திரத்தை (வாங்கிய விலை இருக்கும் கணக்குத் தாள்) நீட்டுங்கள்.

எஸ்க்ரோ இல்லாதவர்கள் ஜனவரி 31-க்குள் கட்டிவிடுங்கள். பிப்ரவரி பிறந்ததும் அபராதம் 6, வட்டி 1 என்று 7 சதவீதம் ஏறிவிடும்.