விண்டர்கிரீன் எண்ணெயிலிருந்து சாலிசிலிக் அமிலம்: முதல்முறை செய்பவர்களுக்கு

ஊட்டித் தைலக் கடைகளில் யூகலிப்டஸ் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே விண்டர்கிரீன் எண்ணெயும் இருக்கும். மூட்டுவலித் தைலத்தில் மூக்கைத் துளைக்கிறதே, அந்த வாசனை இதனுடையதுதான். உள்ளே இருப்பது கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட். அதாவது சாலிசிலிக் அமிலமும் மெத்தனாலும் சேர்ந்த எஸ்டர். அந்தச் சேர்க்கையை உடைத்தால் அமிலம் கைக்கு வந்துவிடும்.

வீட்டு அடுப்படியில் வேண்டாம். ஆய்வகத்தில், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். இந்த எண்ணெய் ஒரு தேக்கரண்டி வயிற்றுக்குள் போனால் ஏறத்தாழ 7 கிராம் ஆஸ்பிரின் விழுங்கியதற்குச் சமம். குழந்தை என்றால் உயிருக்கே ஆபத்து.

படி 1: 25 மி.லி. தண்ணீரில் 5 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள். குடுவை சுடும்.

படி 2: 2 கிராம் எண்ணெயை ஊற்றுங்கள். உடனே வெள்ளையாகத் திரளும். வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அது மெத்தில் சாலிசிலேட்டின் சோடியம் உப்பு. எஸ்டர் இன்னும் உடையவில்லை.

படி 3: பீங்கான் துண்டுகள் இரண்டைப் போட்டு, மேலே குளிர்விப்பான் பொருத்தி, அரை மணி நேரம் கொதிக்கவிடுங்கள். வெள்ளை கரைந்து, வாசனையும் போயிருக்கும்.

படி 4: ஆறியதும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மெதுவாகச் சேருங்கள். நீல லிட்மஸ் சிவக்கும்வரை நிறுத்தக்கூடாது. தயிர் போலக் கெட்டியாக வீழ்படிவு வரும். பனிக்கட்டியில் வைத்து வடிகட்டுங்கள்.

படி 5: கொதிநீரில் கரைத்து, அசைக்காமல் ஆறவிடுங்கள். ஊசி ஊசியாகப் படிகம் இறங்குவதைப் பார்க்கவே இந்தப் பாடு படலாம். கணக்குப்படி 1.8 கிராம் வரவேண்டும். ஒன்றரை கிராம் கிடைத்தாலே நல்ல கை.

சரி, கிடைத்தது அமிலம்தானா? நான் மாணவனாக இருந்தபோது பெர்ரிக் குளோரைடு ஒரு சொட்டு விட்டு, ஊதா வந்ததும் ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட்டேன். "எண்ணெயிலும் விட்டுப் பாரேன்" என்றார் ஆசிரியர். அதிலும் ஊதா! அந்த நிறம் பீனால் தொகுதிக்கானது, அதாவது பென்சீன் வளையத்தில் நேரடியாக ஒட்டிய ஓஹெச்சுக்கானது. எண்ணெய், அமிலம் இரண்டிலுமே அது இருக்கிறது. ஆப்பசோடாக் கரைசலில் ஒரு சிட்டிகை போடுங்கள். அமிலம் நுரைத்துக்கொண்டு வரும், எண்ணெய் சும்மா கிடக்கும். உருகுநிலை பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது: சுமார் 159 டிகிரி செல்சியஸ்.

அதற்காக ஊதாச் சோதனையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம், ஆஸ்பிரின் கெட்டுவிட்டதா என்று பார்க்க அது உதவும். ஆஸ்பிரினும் சாலிசிலிக் அமிலம்தான், ஆனால் அதன் பீனால் ஓஹெச்சை அசிட்டைல் என்ற இன்னொரு தொகுதி மூடியிருப்பதால் புது மாத்திரை நிறம் காட்டாது. ஈரம் பட்டுப் பழசாகி, மூடியைத் திறந்தால் வினிகர் வாடை அடிக்கிற மாத்திரையைக் கரைத்து பெர்ரிக் குளோரைடு ஒரு சொட்டு விடுங்கள், அசிட்டைல் கழன்று சாலிசிலிக் அமிலம் வெளிவந்திருப்பதால் ஊதா வந்துவிடும்.