நாயையும் வீட்டையும் நம்பி ஒப்படைக்க: ஹவுஸ் சிட்டிங் விண்ணப்பம் எழுதும் முறை

வெளியூர் போகிறவர்களின் வீட்டையும் வளர்ப்புப் பிராணிகளையும் பார்த்துக்கொண்டு, அங்கேயே வாடகை இல்லாமல் தங்குவதுதான் ஹவுஸ் சிட்டிங். 2010-இல் பிரிட்டனில் தொடங்கிய ட்ரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ் போன்ற தளங்களில் இரு தரப்பும் ஆண்டுச் சந்தா கட்டுகிறார்கள். தங்குபவருக்குக் கூலி கிடையாது. ஆகவே வீட்டுக்காரர் விண்ணப்பத்தில் தேடுவது ஒன்றைத்தான்: என் நாய் இவரிடம் நன்றாக இருக்குமா? "இங்கிலாந்தைச் சுற்றிப் பார்க்க எனக்கு ரொம்ப நாள் ஆசை" என்பது அதற்குப் பதில் ஆகாது.

ஒரு கற்பனை விளம்பரத்தை வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஒரு கிராமம், ஜூனில் இரண்டு வாரம். பெய்லி என்ற 12 வயது லாப்ரடார். மூட்டுவலிக்கு இரண்டு வேளை மாத்திரை. தோட்டத்தில் மூன்று கோழிகள். பஸ் வசதி குறைவு.

படி 1: விளம்பரத்தை அலசுங்கள்

பாதி வேலை இதுதான். சொன்னதை மட்டுமல்ல, சொல்லாமல் விட்டதையும் படிக்க வேண்டும். நாய்களை நான்கு மணி நேரத்துக்கு மேல் தனியாக விட வேண்டாம் என்பது பிரிட்டனின் விலங்குநல அமைப்பான ஆர்.எஸ்.பி.சி.ஏ.வின் அறிவுரை. டெவனின் எக்ஸீட்டரிலிருந்து லண்டனுக்கு ரயிலில் போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆக, காலையில் கிளம்பி லண்டன் பார்த்துவிட்டு இரவு திரும்பும் திட்டம் அடிபட்டுப் போகிறது. கோழி விஷயம் இன்னும் சுவாரசியம். இருட்டியதும் கூண்டுக் கதவைச் சாத்தாவிட்டால் நரி வந்துவிடும். ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகும். கோழிகள் உள்ளே போன பிறகுதான் உங்களுக்கு விடுதலை.

இது சரிப்படாது என்று தோன்றினால் விண்ணப்பிக்காதீர்கள். விசாவையும் இப்போதே விசாரித்துவிடுங்கள். காசு கைமாறாவிட்டாலும் இதை வேலையாகப் பார்க்கும் எல்லை அதிகாரிகள் உண்டு.

படி 2: புரொஃபைலைத் தயார் செய்யுங்கள்

முகம் தெரியும் படம், பிராணிகளோடு இருக்கும் படம், பரிந்துரைகள். முதல் தடவை என்றால் தளத்தில் உங்களுக்கு ரெவ்யூ இருக்காது, பரவாயில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது அவர் நாயைப் பார்த்துக்கொண்டீர்களா? அவரிடம் நாலு வரி எழுதி வாங்குங்கள். தெருநாய்க்கு பிஸ்கட் போட்டதையெல்லாம் அனுபவக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

படி 3: கடிதத்தை எழுதுங்கள்

முதல் வரியிலேயே பிராணியின் பெயர் வரட்டும். பொதுவாக ஒரு கடிதத்தை எழுதிவைத்துப் பத்து பேருக்கு அனுப்புவது படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அனுப்பப் போவதன் சாரம் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். பெய்லி புல்லில் படுத்துக்கிடக்கும் படத்தைப் பார்த்ததும் எங்கள் வீட்டுக் கிழட்டு லாப்ரடார் ஞாபகம் வந்தது. அதற்கும் மூட்டுவலிதான், கடைசி இரண்டு வருடம் சாப்பாட்டோடு மாத்திரை கொடுத்தது நான்தான். பெய்லியின் வேகத்துக்கு ஏற்ப, தினம் இரண்டு முறை சிறிது தூரம் நடக்க அழைத்துப் போவேன். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால், கடைக்குப் போகும் நேரம் தவிர அவனோடுதான் இருப்பேன். கோழி வளர்த்ததில்லை; கிளம்பும் முன் ஒருமுறை காட்டிக்கொடுத்தால், மாலையில் எண்ணிப் பார்த்து அடைத்துவிடுவேன். முந்தின நாளே வந்துவிடுகிறேன். கார் வாடகைக்கு எடுத்துக்கொள்வேன். என்னைப் பற்றி இரண்டு பேர் எழுதிய பரிந்துரை புரொஃபைலில் இருக்கிறது. வீடியோ காலில் பேசலாமா? மாலை நேரம் எனக்கு வசதி."

கோழி தெரியாது என்று ஒப்புக்கொண்டதைக் கவனியுங்கள். எல்லாம் தெரியும் என்பவரைவிட இவரை நம்பத் தோன்றும். காரைப் பற்றிய வாக்கியமும் சும்மா எழுதியதில்லை: சுற்றுலா செல்பவர் இந்திய லைசென்ஸோடு பிரிட்டனில் 12 மாதம் வரை ஓட்டலாம்.

நம் வீட்டு லாப்ரடாரை நான் கற்பனையாகச் சேர்த்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். உங்களிடம் உள்ளதை எழுதுங்கள். விரும்பினால் ஒரு வரி சமையலைப் பற்றி: வெங்காயமும் திராட்சையும் நாய்க்கு விஷம். வெங்காயம் இல்லாமல் நமக்கு அடுப்பே எரியாது. லாப்ரடாரோ கீழே விழுந்ததையெல்லாம் விழுங்கும் ஜாதி. "நறுக்கும்போது அவனை வெளியே விட்டுக் கதவைச் சாத்துவேன்" என்று எழுதினால், விஷயம் தெரிந்தவர் என்று புரியும்.

படி 4: வெட்டுங்கள்

வைஃபை வேகம், நண்பரைக் கூட்டி வரலாமா, தேதியை இரண்டு நாள் தள்ள முடியுமா: இவற்றை முதல் கடிதத்தில் கேட்காதீர்கள். தேதி ஒத்துவராவிட்டால் வேறு விளம்பரம் பாருங்கள். ஆனால் உடன் ஒருவர் வருவது உறுதி என்றால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் பிறகு வம்பு.

படி 5: அனுப்புங்கள், அப்புறம் பேசுங்கள்

ட்ரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸில் ஐந்து விண்ணப்பம் சேர்ந்ததும், வீட்டுக்காரர் அவற்றைப் பார்த்து முடிக்கும்வரை புது விண்ணப்பம் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். அதனால் பளபளப்பான நடைக்காக இரண்டு நாள் காத்திருப்பதைவிட, பிழை பார்த்துவிட்டு அன்றே அனுப்புவது மேல்.

வீடியோ காலில் நீங்களும் கேளுங்கள். எந்தக் கால்நடை மருத்துவர், செலவு வந்தால் யார் கட்டுவது, ஒரு வேளை மாத்திரை தவறினால் என்ன செய்வது, பெய்லி இரவில் எங்கே படுப்பான். இரு தரப்புக்கும் சம்மதம் என்றால், தளத்தில் அவர்கள் உறுதி செய்யும்வரை விமான டிக்கெட் போடாதீர்கள்.