ஒலுவில் கெம்பஸுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து பொறியியல் படிக்க இலங்கையின் கிழக்கே எங்கள் பக்கம் வந்த பிள்ளைகள் மூன்று பேரை இதுவரை பஸ் நிலையத்தில் காத்திருந்து கூட்டி வந்திருக்கிறேன். மூன்று பேரும் முதல் நாள் வழி கேட்டது ஒரே மாதிரி: “இஞ்சினியரிங் காலேஜ் எங்கே?” இங்கே காலேஜ், கல்லூரி என்றால் பள்ளிக்கூடம். கல்முனையில் இறங்கி அப்படிக் கேட்டால் கார்மேல் பாத்திமாவுக்கோ ஸாஹிறாவுக்கோ வழி காட்டி விடுவார்கள். நீங்கள் தேடுவது பல்கலைக்கழகத்தின் ஒரு பிரிவான பொறியியல் பீடம் (ஃபேகல்டி). பல்கலைக்கழக வளாகத்துக்கு ஊர்ப்பேச்சில் கெம்பஸ்.

வெறும் கெம்பஸ் என்றாலும் சரிவராது. மட்டக்களப்பில் ரயிலை விட்டு இறங்கி அப்படிச் சொன்னால் வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தைத்தான் நினைப்பார்கள். அது வடக்கே, வாழைச்சேனைப் பாதையில். அங்கே பொறியியல் பீடம் இல்லை. நீங்கள் போக வேண்டிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் தெற்கே, அம்பாறை மாவட்டத்துக் கரையோரம் ஒலுவிலில் இருக்கிறது. அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினால் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் கழிந்து ஒலுவில் வரும். கண்டக்டரிடம் “ஒலுவில் கெம்பஸ் இறக்கம்” என்று முழுதாகச் சொல்லுங்கள். இதே பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. ஒலுவிலை விட்டுவிட்டுச் சொன்னால் காரைதீவுச் சந்தியிலேயே இறக்கிவிடவும் கூடும்.

இந்தப் பல்கலைக்கழகம் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, அடுத்த வருடமே முழுப் பல்கலைக்கழகமானது. பொறியியல் பீடம் வந்தது 2012இல்தான். பழைய ஆட்களுக்குக் கெம்பஸ் என்றால் கலைப் பீடமும் முகாமைத்துவப் பீடமும்தான் மனதில் இருக்கும். அதனால் வளவுக்குள் போன பிறகும் “பொறியியல் பீடம்” என்று பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

வழி சொல்கிறவர்களின் பேச்சும் முதல் வாரம் கொஞ்சம் தடுமாற வைக்கும். “நேரா போய் சோத்தாங்கைப் பக்கம் கிறுகுங்க” என்றால் வலப்பக்கம் திரும்புங்கள் என்று பொருள். அலுவலகத்தில் “மறுகா வாங்க” என்றால் பிறகு வாருங்கள். அது எப்போது என்று அங்கேயே கேட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் மறுகாவுக்கு மணிக்கணக்குக் கிடையாது. யாராவது ஒருவரைக் “காக்கா” என்று கூப்பிட்டால் வானத்தைப் பார்க்காதீர்கள். இங்குள்ள முஸ்லிம் மக்களிடையே அண்ணனைக் கூப்பிடுவது அப்படித்தான். திருச்சியிலிருந்து வந்த தம்பி ஒருவன் உண்மையாகவே பார்த்தான்.

சரி, கட்டடத்தைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். இரண்டு நாள் நடந்தால் எந்த விரிவுரை மண்டபம் எங்கே, எந்த ஆய்வுகூடம் எங்கே என்பதெல்லாம் காலுக்கே தெரிந்துவிடும். உண்மையான அலைச்சல் அலுவலகங்களில்தான். பிள்ளைகள் கட்டடத்தைத் தேடுகிறார்கள். தேட வேண்டியது கடிதம் போகிற பாதையை.

தமிழ்நாட்டுக் கல்லூரியில் முதல்வர் என்பவர் இங்கே பீடத்தைப் பொறுத்தவரை பீடாதிபதி. அவருக்குக் கீழே குடிசார், மின், இயந்திரப் பொறியியல் என்று ஒவ்வொரு துறைக்கும் ஒரு துறைத்தலைவர். பீடத்தின் கோப்புகளும் கடிதங்களும் உதவிப் பதிவாளரிடம், ‘ஏ.ஆர்.’ என்று எல்லோரும் சொல்வது அவரைத்தான். பாடம், நேரசூசி, ஆய்வுகூடக் குழு என்றால் முதலில் துறை அலுவலகம். பதிவு, பரீட்சை விண்ணப்பம் போன்றவற்றுக்கு ஏ.ஆர். அலுவலகத்தில் கேளுங்கள், அங்கிருந்து எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். விடுதி, நிதி, வைத்திய நிலையம், நூலகம் எல்லாம் முழுப் பல்கலைக்கழகத்துக்கும் பொதுவானவை. அவற்றைப் பீடக் கட்டடத்துக்குள் தேடி மாடிப்படி ஏறாதீர்கள்.

பீடாதிபதிக்கு எழுதும் கடிதத்தை நேரே அவர் மேசையில் வைக்கக் கூடாது. முகவரிக்குக் கீழே “துறைத்தலைவர் ஊடாக” என்று எழுதி, அவர் சிபாரிசும் கையெழுத்தும் வைத்த பிறகுதான் அது மேலே போகும். இது சின்ன விஷயமாகத் தெரியும். நான் படித்த இடத்தில் (பெயர் வேண்டாம்) காய்ச்சலால் பரீட்சை ஒன்றைத் தவறவிட்டு, மெடிக்கலையும் (வைத்தியச் சான்றிதழ்) கடிதத்தையும் பெரிய அலுவலகத்தில் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டேன். ஊடாக இல்லை, ஆகவே அது ஒரு தட்டில் கிடந்தது. யாரும் கூப்பிடவில்லை. நானாக விசாரிக்கப் போனபோது மெடிக்கல் கொடுக்க வேண்டிய நாள் கடந்திருந்தது. அந்தப் பாடத்தை அடுத்த வருடம் ஜூனியர் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதினேன்.

அதனால் எதைக் கொடுத்தாலும் ஒரு பிரதி எடுத்து, அதில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் போட்டுத் தருவார்கள். கேட்காவிட்டால் தாங்களாகப் போட மாட்டார்கள். மெடிக்கலை எங்கே, எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதைக் காய்ச்சல் வருவதற்கு முன்பே மாணவர் கைநூலில் பார்த்து வையுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு வதிவிட விசா வேலையும் இருக்கிறது. பத்தரமுல்லையில் இருக்கும் குடிவரவுத் திணைக்களத்துக்குப் பல்கலைக்கழகத்தின் கடிதம் தேவை. அந்தக் கடிதமும் இதே பாதையில்தான் வரும். விசா முடிய ஒரு வாரம் இருக்கும்போது கேட்காமல், இரண்டு மாதம் முன்பே கேளுங்கள்.

சீனியர்கள் “பீடத்தைச் சுற்றிக் காட்டுகிறோம்” என்று இரவில் கூப்பிட்டால் போக வேண்டியதில்லை. பகிடிவதை (ராகிங்) 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பகலில், சாப்பாட்டு நேரத்தில் கன்டீனில் வைத்து ஒரு சீனியரிடம் கேட்டாலே அரை மணியில் எல்லாம் சொல்லித் தருவார். பெரும்பாலானவர்கள் நல்லவர்கள்.

அப்புறம் நாட்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மாத் தொழுகை. சுற்றியுள்ள கடைகள் பலதும் பூட்டியிருக்கும், போட்டோக் கொப்பிக் கடை உட்பட. பௌர்ணமி தினம் போயா விடுமுறை, அரச அலுவலகம் எதுவும் திறக்காது. கார்த்திகை, மார்கழியில் மழை பிடித்தால் இந்தக் கரையோரத்தில் வெள்ளம் நிற்கும். அந்த மாதங்களில் கடிதக் கோப்புகளை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டே எடுத்துப் போங்கள். முத்திரை மை நனைந்தால் கரைந்துவிடும்.