வெளியிலிருந்து மெயில் படிக்க எந்த சர்வர்?

மெயிலை அனுப்பி வாங்குவது போஸ்ட்ஃபிக்ஸ், எக்ஸிம் போன்றவற்றின் வேலை. வந்து சேர்ந்ததை ஃபோனிலும் லேப்டாப்பிலும் திறந்து காட்டுவது ஐமேப் சர்வர். இங்கே பேசுவது இந்த இரண்டாவதைப் பற்றி. மெயிலைப் படிக்கும் இன்னொரு முறையான பாப்3 வழக்கமாக மெயிலை இறக்கிக்கொண்டு சர்வரில் அழித்துவிடும். எதைப் படித்தோம் என்ற குறிப்பும் அங்கே இருக்காது. இரண்டு கருவிகளில் படிப்பவருக்கு ஐமேப்தான் சரி.

மென்பொருளின் பெயரைவிட, அது மெயிலை டிஸ்கில் எப்படிச் சேமிக்கிறது என்பதை முதலில் பாருங்கள். பின்னாளில் மாற்றக் கடினமானது அதுதான். எம்பாக்ஸ் முறையில் ஒரு ஃபோல்டரின் மெயில் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். நடுவில் ஒன்றை நீக்கினால் அதற்குப் பின்னால் உள்ளதையெல்லாம் திரும்ப எழுத வேண்டும். அதுவரை கோப்பு பூட்டியே கிடக்கும். மெயில்டிர் முறையில் மெயிலுக்கு ஒரு கோப்பு. படித்தது, பதில் போட்டது என்ற குறிகள் கோப்பின் பெயரிலேயே இருக்கும். ஒன்று கெட்டால் சேதம் அந்த ஒரு மெயிலோடு நிற்கும். ஆனால் சிறு கோப்புகள் லட்சக்கணக்கில் சேரும். டிஸ்கில் இடம் இருந்தும் 'இடமில்லை' என்ற பிழை வந்தால் ஐனோட் (கோப்புக்கு ஒன்று என்று டிஸ்கில் ஒதுக்கப்படும் பதிவு) தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

புதிதாக அமைப்பவர்கள் டவ்காட் என்ற ஐமேப் சர்வரையும் மெயில்டிரையும் எடுத்துக்கொள்ளுங்கள். தேடலுக்கும் பட்டியலுக்கும் டவ்காட் தனியாக இண்டெக்ஸ் வைத்துக்கொள்வதால் பெரிய ஃபோல்டரும் விரைவாகத் திறக்கும். டவ்காட் 2.3 பதிப்பின் அமைப்புக் கோப்பு 2.4-இல் அப்படியே ஓடாது. இணையத்தில் கிடைக்கும் உதாரணத்தை ஒட்டும் முன் அது எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று பாருங்கள். சைரஸ் என்ற இன்னொரு ஐமேப் சர்வர் தன் சேமிப்பகத்தைத் தானே ஆளும், வேறு நிரல் அதற்குள் கை வைக்கக் கூடாது. பயனர் எண்ணிக்கை ஆயிரங்களில் போகும் இடத்துக்கு அது பொருந்தும். கூரியர் என்ற ஐமேப் சர்வரும் மெயில்டிர் முறைதான். அதிலிருந்து டவ்காட்டுக்கு வரும்போது மெயில்களின் அடையாள எண்களையும் சேர்த்து மாற்றுங்கள். விட்டுவிட்டால் ஒவ்வொரு கருவியும் எல்லா மெயிலையும் மறுபடி இறக்கும்.

வெளியே 993 போர்ட்டை மட்டும் திறந்து வையுங்கள்; அதில் இணைப்பு தொடக்கத்திலிருந்தே குறியாக்கத்தோடு இருக்கும். 143-இல் இணைப்பு சாதாரணமாகத் தொடங்கி அப்புறம்தான் குறியாக்கத்துக்கு மாறும்; தவறாக அமைத்தால் கடவுச்சொல் அப்படியே வெளியே போகும். குறியாக்கத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழைத் தானாகப் புதுப்பிக்க வைத்திருந்தால், முடிந்ததும் டவ்காட்டை ரீலோட் செய்யும் கட்டளையையும் அதோடு சேருங்கள். சேர்க்காவிட்டால் டிஸ்கில் புதியது இருக்கும், சர்வரோ பழையதையே நீட்டிக்கொண்டிருக்கும்.

அடிக்கடி வரும் இன்னொரு புகார்: வீட்டுக்குள் மட்டும் இணைப்பு அறுந்து அறுந்து போகும். ஒரு பயனருக்கு ஒரே ஐபி முகவரியிலிருந்து 10 ஐமேப் இணைப்புகளைத்தான் டவ்காட் இயல்பாக அனுமதிக்கும். கணினியில் மெயில் படிக்கும் தண்டர்பேர்ட் ஒன்றே ஐந்து வரை திறக்கும். இரண்டு கணினியும் ஒரு ஃபோனும் ஒரே ரௌட்டர் வழியாக வந்தால் வரம்பு தாண்டிவிடும். அந்த வரம்பை 30 ஆக உயர்த்துங்கள்.